தெரியாது என்னும் உரிமை

அந்தப் படத்தில் எல்லோரும் இடது கையால் சாப்பிடுகிறார்கள். கல்யாணப் பந்தியில் வரிசையாக உட்கார்ந்திருப்பவர்கள் அத்தனை பேரும் இடது கையால் சோற்றைப் பிசைந்து வாயில் வைக்கிறார்கள். நாயகியின் முந்தானை வலது தோளில் கிடக்கிறது. நாயகனின் சட்டைப்பை வலது மார்புக்கு வந்துவிட்டது. பேருந்து சாலையின் வலப்பக்கமாகவே வருகிறது. அதன் நெற்றியில் இருக்கும் ஊர்ப்பெயரைக் கண்ணாடி வைத்துத்தான் படிக்க வேண்டும். படத்தைச் சுற்றிக் கனமான நீலச் சட்டம். அரைக் கட்டை ஏற்றிவைத்ததுபோல எல்லாக் குரல்களும் மெலிந்து கேட்கின்றன. அப்பாவாக நடிப்பவர் மகனைப் பறிகொடுத்து அழும் இடத்தில் அழுகை அழுகையாகவே வந்து சேரவில்லை. வெளியாகிச் சில வாரங்களே ஆன சின்னப் படம் அது. யாரோ ஒருவர் இடம் வலம் மாற்றி, சுருதியை உயர்த்தி, சட்டம் போட்டு யூடியூபில் ஏற்றியிருக்கிறார். லட்சக்கணக்கானவர்கள் பார்த்திருக்கிறார்கள். கருத்துப் பகுதியில் நாயகியைப் பற்றியும் இரண்டாம் பாதியின் வேகத்தைப் பற்றியும் பேசிக்கொள்கிறார்கள். கை மாறியிருப்பதை யாரும் சொல்லவில்லை, பழகிவிட்டது போலும். எனக்குப் பழகவில்லை. படம் திருடப்பட்டது என்பதைவிட, இந்தக் கோலத்தில் திருடப்பட்டது என்பதுதான் பல நாள் மனதில் உறுத்திக்கொண்டிருந்தது. ஒரு ஒளிப்பதிவாளர் ஜன்னல் வெளிச்சம் முகத்தின் எந்தப் பக்கம் விழ வேண்டும் என்று காத்திருந்து எடுத்த காட்சியை, மனிதர் யாரும் கேட்காமல், ஒரு இயந்திரம் கண்டுகொள்ளக் கூடாது என்பதற்காக மட்டும் ஒருவர் புரட்டிப் போட்டிருக்கிறார். அந்த இயந்திரம் அந்தப் பந்தியில் யாருக்கும் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறது. எல்லோர் கையையும் அதுதான் மாற்றிவைத்திருக்கிறது.

அந்த இயந்திரத்தின் பெயர் கன்டென்ட் ஐடி. 2007இல் யூடியூப் அதைக் கொண்டுவந்தது. உரிமையாளர் தன் படத்தையோ பாட்டையோ ஒரு மூலக் கோப்பாகக் கொடுத்து வைப்பார். புதிதாக ஏறும் ஒவ்வொரு வீடியோவும் அந்தக் கோப்புகளோடு ஒப்பிட்டுப் பார்க்கப்படும். ஒத்துப்போனால் முடக்கலாம், இல்லையென்றால் விளம்பரப் பணத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ளலாம். இதைச் செய்துதான் ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் யூடியூபைக் கட்டாயப்படுத்தவில்லை. 1998இல் அமெரிக்காவில் வந்த டிஜிட்டல் காப்புரிமைச் சட்டத்தின் 512ஆம் பிரிவு வேறு மாதிரியானது. அதை நம் ஊர்த் திண்ணையை வைத்து யோசித்தால் எனக்குத் தெளிவாகிறது. திண்ணை கட்டிவிட்டவர், ராத்திரி வந்து படுப்பவனின் மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று அவிழ்த்துப் பார்க்கக் கடமைப்பட்டவர் அல்ல. பொருளைப் பறிகொடுத்தவர் வந்து, இன்ன மூட்டையில் இன்ன பொருள் என்னுடையது என்று சொன்னால் அந்த மூட்டையை உடனே வெளியே எடுத்து வைக்க வேண்டும். அதோடு அவர் பொறுப்பு தீர்ந்தது. வழிப்போக்கர்களை நம்பி எழுதப்பட்ட சட்டம் என்று பார்த்தால் அதில் ஒரு பெருந்தன்மை இருக்கிறது. அது இல்லாமல் போயிருந்தால், எந்த வழக்கறிஞரையும் கேட்காமல் ஒரு சிற்றூர்ப் பெண் தன் சமையலை உலகத்துக்குக் காட்டியிருக்க முடியாது என்பதையும் நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2010இலேயே நிமிடத்துக்கு இருபத்துநான்கு மணி நேர வீடியோ வந்து இறங்கிய திண்ணைக்கு, படுக்கிறவர்களின் கனவுக்கு நடுவே விளம்பரம் காட்டிக் காசு வாங்கும் திண்ணைக்கு, அதே நியாயம் பொருந்துமா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

அந்த இருபத்துநான்கு மணி நேரக் கணக்கு வயாகாம் வழக்கின் 2010ஆம் ஆண்டுத் தீர்ப்பில் இருக்கிறது. 2007 மார்ச்சில் வயாகாம் என்ற ஊடக நிறுவனம் யூடியூப் மீது நூறு கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் கூகுள் 165 கோடி டாலருக்கு யூடியூபை வாங்கியிருந்தது. இந்த வழக்கில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இரண்டு தரப்பும் எதை அறிந்திருந்தார்கள் என்ற கேள்வி. யூடியூபுக்குள் பரிமாறிக்கொண்ட மின்னஞ்சல்கள் நீதிமன்றத்துக்கு வந்தன. தங்கள் தளத்தில் திருட்டு வீடியோக்கள் ஏராளம் என்பது உள்ளே இருந்தவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. இன்னொரு பக்கம், வயாகாம் தானே பதினெட்டு விளம்பர நிறுவனங்களை அமர்த்தி, தன் நிகழ்ச்சிகளை யாரோ ரசிகர்கள் ஏற்றியதுபோல யூடியூபில் ஏற்றியது என்று யூடியூபின் வழக்கறிஞர் வெளிப்படையாக எழுதினார். கணினி முகவரி காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் ஜெராக்ஸ் கடைகளுக்கு ஆள் அனுப்பி அங்கிருந்து ஏற்றினார்களாம். எது தன்னுடைய வீடியோ, எது திருட்டு வீடியோ என்பது உரிமையாளருக்கே குழம்பிப்போன இடத்தில், இடம் கொடுத்தவருக்கு மட்டும் எப்படித் தெரியும்? 2010 ஜூனில் நீதிபதி லூயி ஸ்டான்டன் யூடியூப் பக்கம் தீர்ப்புச் சொன்னார். திருட்டு நடக்கிறது என்று பொதுவாகத் தெரிந்திருந்தால் போதாது, இன்ன வீடியோ திருட்டு என்று குறிப்பாகத் தெரிந்திருந்தால்தான் பொறுப்பு. வயாகாம் மாதக்கணக்கில் சேர்த்துவைத்த ஒரு லட்சம் வீடியோக்களின் பட்டியலை 2007 பிப்ரவரி 2ஆம் தேதி அனுப்பியதும், அடுத்த வேலை நாளுக்குள் யூடியூப் ஏறக்குறைய எல்லாவற்றையும் எடுத்துவிட்டது. ஆகவே சட்டம் சரியாக வேலை செய்கிறது என்றார். 2012இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், தெரிந்துவிடக் கூடாது என்று வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொண்டாலும் அது தெரிந்ததற்குச் சமம் ஆகலாம் என்று ஒரு வரி சேர்த்துத் திருப்பி அனுப்பியது. 2013இல் அதே நீதிபதி மறுபடியும் யூடியூப் பக்கமே நின்றார். 2014இல் இரு நிறுவனங்களும் தங்களுக்குள் சமரசம் செய்துகொண்டு எழுந்து போயின.

நம் நாட்டு வழக்கிலும் நூல் இதே இடத்தில்தான் சிக்குகிறது. டி-சீரிஸ் என்று நாம் அறிந்த சூப்பர் கேசட்ஸ் நிறுவனம் மைஸ்பேஸ் தளத்தின்மீது டெல்லி உயர் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில், 2011இல் தனி நீதிபதி தளத்துக்கே பொறுப்பு என்றார். பாட்டுகளின் வடிவத்தை மாற்றுகிறாய், இடையில் விளம்பரம் சேர்க்கிறாய், பிறகு எப்படித் தெரியாது என்பாய் என்பது அந்தத் தீர்ப்பின் போக்கு. 2016 டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. விளம்பரத்தைச் சேர்ப்பது மனிதக் கை படாத தானியங்கி வேலை. அதனால் அது அறிந்ததாகாது என்றார்கள். லட்சத்துக்கு மேற்பட்ட பாட்டுகளின் பட்டியலைத் தூக்கிக் கொடுப்பதும் போதாது, இன்ன இடத்தில் இன்ன பாட்டு என்று காட்ட வேண்டும். சட்டமாகப் படித்தால் அந்தத் தீர்ப்பில் குறை காண எனக்குத் தெரியவில்லை. எதைக் கண்டாலும் பயந்து அழித்துவிடும் தளங்கள் உருவாகிவிடும் என்ற அவர்களின் கவலை உண்மையானது. ஆனால் கை படாததால் அறியவில்லை என்ற அந்த ஒரு தர்க்கம் என்னை விடவில்லை. வேலையை எல்லாம் இயந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டால் அறியாமையும் இலவசமாகச் சேர்ந்து கிடைக்கும் என்றாகிறதே. எவ்வளவு பெரிதாக வளர்கிறாயோ அவ்வளவுக்குக் கை படாது. கை படாத அளவுக்குப் பொறுப்பும் படாது. ஊரில் ஒரு சின்னக் கேபிள் டிவிக்காரர் புதுப்படம் போட்டால் போலீஸ் ஜீப் வரும், ஏனென்றால் டிவிடியைச் செருகிய விரல் அவருடையது.

இத்தனைக்கும் யூடியூபுக்குத் தெரியாதது என்று ஒன்று இருப்பதாக அதைப் பயன்படுத்தும் யாருக்கும் தோன்றாது. மதுரை மணி ஐயரின் ஒரு காபி ராகப் பாட்டைக் கேட்டு முடித்தால் அடுத்து இன்னொரு காபியைக் கொண்டுவந்து வைக்கிறது. நான் எந்த இடத்தில் நிறுத்தினேன், எதைத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன், எந்த நேரத்தில் தூக்கமில்லாமல் இருக்கிறேன் என்பதெல்லாம் அதற்குத் தெரியும். முழங்கால் வலிக்கு வைத்தியம் பார்த்த மறுநாள் தைல விளம்பரம் வருகிறது. கேட்பவரைப் பற்றி இவ்வளவு தெரிந்த ஒன்று, பாடுபவரைப் பற்றிக் கேட்டால் எனக்கொன்றும் தெரியாது என்று சொல்வதைச் சட்டம் இரு கண்டங்களில் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஐரோப்பா மட்டும் 2019இல் இதற்கு வேறு பதில் எழுதப் பார்த்தது. காப்புரிமை ஆணையின் 17ஆம் பிரிவு, பெரிய தளங்கள் உரிமம் வாங்க முயல வேண்டும், உரிமையாளர் அடையாளம் காட்டிய படைப்புகள் ஏறாமலே தடுக்கவும் தங்களால் ஆனதைச் செய்ய வேண்டும் என்கிறது. 348க்கு 274 என்ற வாக்கில் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதற்கு முன் தெருவெல்லாம் ஊர்வலம் போனார்கள், இளைஞர்கள்தான் அதிகம். தெரியாது என்று சொல்லும் உரிமையை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்பதை அவர்கள் சரியாகவே கண்டுகொண்டார்கள்: இன்னும் கூர்மையான இயந்திரம். நான் கேட்ட பொறுப்பு இது அல்ல. மனிதர் ஒருவர் அறிந்து பதில் சொல்ல வேண்டும் என்று கேட்டால், இன்னொரு வடிகட்டியைக் கொண்டுவந்து மாட்டுகிறார்கள்.

அந்த வடிகட்டி எப்படி வேலை செய்கிறது என்பதற்குச் சான்று பல உண்டு. 2012இல் ஒருவர் காட்டில் கீரை பறிப்பதைப் படம் பிடித்துப் போட்டார். பின்னணியில் கேட்ட பறவைச் சத்தம் தங்கள் பாட்டு என்று ஒரு இசை உரிம நிறுவனத்தின் பெயரில் உரிமை கோரப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் செவ்வாயில் கியூரியாசிட்டி ஊர்தி இறங்கியபோது, நாசா தானே எடுத்துத் தானே போட்ட வீடியோ ஒரு செய்தி நிறுவனத்தின் உரிமைக் கோரிக்கையால் சிறிது நேரம் முடக்கப்பட்டது. 2018இல் ஜேம்ஸ் ரோட்ஸ் என்ற பியானோக் கலைஞர் வீட்டில் உட்கார்ந்து பாஹை வாசித்து ஃபேஸ்புக்கில் போட்டார். அதில் 47 விநாடி எங்களுடையது என்று சோனி பெயரில் அறிவிப்பு வந்தது. பாஹ் இறந்தது 1750இல். இவையெல்லாம் சிரித்துவிட்டுக் கடந்துபோகும் பிழைகள் என்றால் நான் எழுதியிருக்க மாட்டேன். அமெரிக்காவில் இரண்டு பேர், தங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஐம்பதாயிரம் லத்தீன் அமெரிக்கப் பாட்டுகளைத் தங்களுடையவை என்று பதிந்து, ஆண்டுக்கணக்கில் இரண்டு கோடி டாலருக்கு மேல் விளம்பரப் பணம் வாங்கியிருக்கிறார்கள். 2021இல்தான் குற்றப்பத்திரிகை வந்தது. அந்தப் பாட்டுக்காரர்களில் எத்தனையோ பேருக்குத் தங்கள் பாட்டு காசு சம்பாதிக்கிறது என்பதே தெரிந்திருக்காது. இயந்திரத்துக்கு உரிமையாளர் என்றால் மூலக் கோப்பைக் கொடுத்தவர். எழுதியவர், பாடியவர், வாசித்தவர் என்ற மனிதர்கள் அதற்கு இல்லை. யூடியூப் வெளியிட்ட முதல் அறிக்கையின்படி, 2021இன் முதல் ஆறு மாதத்தில் மட்டும் கன்டென்ட் ஐடி வழியாக 72 கோடிக்கும் மேற்பட்ட கோரிக்கைகள். அவற்றில் 37 லட்சத்தைத்தான் வீடியோ போட்டவர்கள் எதிர்த்தார்கள். எதிர்த்தவற்றில் அறுபது சதவீதம் அவர்கள் பக்கம் முடிந்தது. எதிர்த்தவர்கள் நூற்றில் ஒருவர்கூட இல்லை என்பதால் மீதியெல்லாம் சரியான கோரிக்கைகள் என்று அந்த நிறுவனம் எடுத்துக்கொள்ளலாம். நான் அப்படி எடுத்துக்கொள்ள மாட்டேன். எதிர்த்து, மேல்முறையீடு செய்து, அதிலும் தோற்றால் ஸ்ட்ரைக் விழும். தொண்ணூறு நாளுக்குள் மூன்று விழுந்தால் சேனலே போய்விடும். பல வருட உழைப்பைப் பணயம் வைத்து ஒரு பாட்டுக்காக யார் சண்டைக்குப் போவார்கள்? "காபிரைட் அடிச்சிட்டாங்க சார், விட்டுட்டேன்" என்பதுதான் நான் கேட்ட எல்லாக் கதைகளின் கடைசி வரி.

இந்த விஷயம் எனக்கு நிறுவனங்களின் சண்டையாக இல்லாமல் போனது செய்யாறு பக்கத்து ஊர் ஒன்றில், காரியத்துக்குப் போட்ட கர்ண மோட்சம் கூத்தின்போது. ராத்திரி பத்தரைக்கு மேல் ஆட்டம் தொடங்கியது. ஆர்மோனியப் பெட்டியை ஒட்டி முகவீணைக்காரர். அவருக்குப் பின்னால் பழைய சேலையைக் கட்டி மறைத்த ஒப்பனைக் கொட்டகை. பார்வையாளர்களுக்கு முன்னால், சபைக்கு மிக நெருக்கத்தில், மூன்று கால் தாங்கியில் ஒரு செல்போன். கர்ணன் திரைக்குப் பின்னாலிருந்து பாடிக்கொண்டே வந்து, திரையை விலக்கி, கண்ணாடித் துண்டுகள் பதித்த கிரீடம் மின்ன ஒரு சுற்றுச் சுற்றியபோது, காமிரா வைத்திருந்த பையன் எழுந்து போய்ப் போகஸ் விளக்கைத் திருப்பினான். பொன்னுருவியிடம் கர்ணன் விடைபெறும் கட்டம் வர மணி மூன்று ஆனது. ஊரே அழுதது. நடுவில் ஒவ்வொரு முறை யாராவது வந்து ஐம்பது ரூபாயோ நூறு ரூபாயோ வேஷத்தின் மார்பில் குத்தும்போதும் கட்டியங்காரன் ஆட்டத்தை நிறுத்தி, மைக்கில் கொடுத்தவரின் பெயர், அவர் அப்பா பெயர், ஊர், இறந்தவருக்கு என்ன உறவு என்பது வரைக்கும் சொல்லி, அன்பளிப்புக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் பாட்டுக்குத் திரும்பினார். பத்து ரூபாய் கொடுத்த சிறுவனுக்கும் அந்த மரியாதை நடந்தது. சில நாள் கழித்து அந்த வீடியோவைப் பார்த்தேன். தலைப்பில் ஊரும் நாடகத்தின் பெயரும் இருந்தன. கர்ணன் கட்டியவர், பொன்னுருவி கட்டியவர், மிருதங்கக்காரர், பெட்டிக்காரர் ஒருவர் பெயரும் இல்லை. கூத்துக் குழுவான ஜமாவின் பெயரும் இல்லை. படத்தின் அடியில் விடிய விடிய ஓடிக்கொண்டிருந்தது சேனலின் பெயரும் ஒரு செல்போன் எண்ணும்.

"எங்க ஆட்டம்தான் சார். கூத்து வெக்கணும்னு அந்த நம்பருக்குப் போன் பண்றாங்க. அவன் இன்னொரு ஜமாவ அனுப்பிச்சிடறான்" என்றார் ஜமாவின் வாத்தியார். அறுபதைத் தாண்டியவர். அரிதாரம் ஊறி ஊறிக் காதோரத் தோல் தடித்துப்போயிருந்தது. "நீங்க கேக்கலயா வாத்தியாரே?" என்றேன். "கேட்டேன். ஊருக்காரங்க கூப்ட்டாங்க, வந்தேன், எடுத்தேன்றான். ஊருக்காரங்களும் நல்லதுக்குத்தான் கூப்ட்டாங்க. யார்னு போய் சண்ட போடறது?" அவர் பேரன் கல்லூரியில் படிக்கிறான். வீட்டில் தாத்தாவின் பழைய கேசட் ஒன்று இருக்கிறது. எந்தக் காலத்திலோ ஒரு கம்பெனி ஜமாவை நகரத்துக்குக் கூட்டிப்போய் ஒரே நாளில் பாடவைத்து, கூலி கொடுத்து, கையெழுத்து வாங்கி அனுப்பியது. அந்தக் கம்பெனி இப்போது இல்லை. பேரன் அதைக் கணினிக்கு மாற்றி, தாத்தாவின் படத்தை வைத்து யூடியூபில் போட்டான். இரண்டாம் நாளே கிளெய்ம் வந்தது. கோரியிருந்தது இவர்கள் யாரும் கேள்விப்பட்டிராத ஒரு நிறுவனம். பழைய கம்பெனியின் சரக்கு கை மாறிக் கை மாறி அங்கே போயிருக்கலாம். சட்டப்படி ஒலிப்பதிவு அதைத் தயாரித்தவருக்கே உரியது. வெளியான ஆண்டுக்குப் பிறகு அறுபது வருடம் வரைக்கும் அந்த உரிமை உண்டு. ஆகவே கோரிக்கை செல்லுபடியாகும் என்றே வைத்துக்கொள்வோம். தாத்தா பாடியதைப் பேரன் போட்டதை அந்த இயந்திரம் இரண்டு நாளில் கண்டுபிடித்துவிட்டது. தாத்தா ஆடியதை வேறொருவர் போட்டு, வேறு நம்பர் ஓடவிட்டு, வேறு ஜமாவை அனுப்பிச் சம்பாதிப்பதைக் கண்டுபிடிக்க அதில் வழியே இல்லை, ஏனென்றால் அந்த மனிதர் எந்தக் கோப்பையும் யாரிடமும் கொடுத்துவைக்கவில்லை.

கூத்துப் பாட்டு யாருடையது என்று கேட்டால் நான் உடனே பதில் சொல்ல மாட்டேன். வாத்தியாரின் வாத்தியார், அவருக்கு முன்னால் யாரோ, ஏட்டில் எழுதியவர், எழுதாமல் சேர்த்தவர் என்று அது போய்க்கொண்டே இருக்கும். அது எல்லோருக்கும் பொது என்றால் வாத்தியாரே ஒப்புக்கொள்வார். ஆனால் அந்த ராத்திரி பொதுவல்ல. மூன்று மணிக்குத் தொண்டை கட்டிப்போனபோது சுருதியைக் குறைக்காமல் பாடிய அந்த நான்கு வரி அவருடையது, அந்த ராத்திரிக்கு மட்டுமே உரியது. நம் காப்புரிமைச் சட்டம் 1994 திருத்தத்தில் நிகழ்த்துநருக்கு என்று தனி உரிமை கொடுத்தது. 2012 திருத்தத்தில் 38பி என்ற பிரிவைச் சேர்த்தது. இந்த நிகழ்த்துதல் இவருடையது என்று பெயர் சொல்லப்படும் உரிமை நிகழ்த்தியவருக்கு உண்டு. தன் பெயருக்குக் கேடு வரும்படி அதைச் சிதைத்தால் தடுக்கவும் உரிமை உண்டு. மற்ற உரிமைகளை எழுதிக் கொடுத்துவிட்டாலும் இது அவரைவிட்டுப் போகாது. நாடாளுமன்றம் இதை எழுதியபோது கூத்துக்காரரை நினைத்திருக்குமா என்று தெரியாது. ஆனால் எழுத்து அவரையும் உள்ளடக்குகிறது. இந்தியச் சட்டத்தில் புகாருக்கும் ஒரு ஒழுங்கு உண்டு: எழுத்தில் புகார் வந்தால் தளம் 36 மணி நேரத்துக்குள் தடுக்க வேண்டும், 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் மறுபடியும் திறந்துவிடலாம். இருபத்தொரு நாளுக்குள் உயர் நீதிமன்றத்துக்கோ மாவட்ட நீதிமன்றத்துக்கோ போய் உத்தரவு வாங்க யாரால் முடியும் என்பதை நினைத்தால், யாருக்காக இந்தக் கதவு என்பது புரிந்துவிடும்.

காப்புரிமை என்றாலே முதலாளிகளின் ஆயுதம், எல்லாம் எல்லோருக்கும் திறந்துகிடக்கட்டும் என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களோடு பாதி வழி போவேன். பழைய கல்யாணக் கச்சேரிகளை ஸ்பூல் டேப்பில் பிடித்துவைத்த ரசிகர்கள் அனுமதிக் கடிதம் வாங்கிக்கொண்டு பிடிக்கவில்லை. அவர்கள் பிடித்திராவிட்டால் அந்த ராகங்கள் போன இடம் தெரியாது. ஆனால் அந்த ரசிகர்கள் டேப்பின் உறைமேல் பாடியவர், வயலின், மிருதங்கம், கடம், இடம், தேதி எல்லாம் தங்கள் கையெழுத்தில் எழுதிவைத்தார்கள். அப்படிச் சேர்ந்தவற்றைப் பகிரும் சங்கீதப்ரியா போன்ற தன்னார்வ முயற்சியில், வணிகமாக வெளியான பதிவுகளைப் போடக் கூடாது என்று அவர்களே விதி வைத்துக்கொண்டார்கள். கையில் இருப்பது என்ன, யாருடையது என்று அறிந்து வைத்திருப்பவர்களின் ஒழுக்கம் அது. அந்தச் சின்னப் படத்தைப் புரட்டிப் போட்டவருக்கு அது கிடையாது. கடன் வாங்கிப் படம் எடுத்த தயாரிப்பாளர் முதல் வாரத்திலேயே தியேட்டரை இழந்து நிற்கும்போது, அவரிடம் போய்ப் பகிர்தலின் பெருமையைப் பேச என்னால் முடியாது. ஆகவே கட்டுப்பாடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உரிமை கோருபவர் ஒரு மனிதராக, பெயரும் முகவரியும் உள்ளவராக வந்து நிற்க வேண்டும். பொய்க் கோரிக்கைக்கும் திருட்டுப் பதிவேற்றத்துக்கு இருக்கும் அளவு தண்டனை வேண்டும். தளம் விளம்பரம் வைத்த ஒவ்வொரு வீடியோவையும் அது அறிந்த வீடியோ என்றே கருத வேண்டும். காசு வாங்கிய இடத்தில் தெரியாது என்ற பதில் செல்லக் கூடாது. இதனால் சின்னச் சேனல்களுக்கு விளம்பரம் கிடைப்பது கஷ்டமாகும் என்பதை யோசித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

சட்டம் வரும்போது வரட்டும். அதற்கு முன்பாகவே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, அதைச் செய்ய வேண்டியவர்கள் கலிபோர்னியாவில் இல்லை. கூத்தையும் பம்பையையும் வில்லுப்பாட்டையும் நையாண்டி மேளத்தையும் ஊர் ஊராகப் போய்த் தூக்கம் கெட்டுப் படம் பிடித்துப் போடும் தம்பிகளே, உங்கள் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. நீங்கள் எடுக்காவிட்டால் வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் தங்கள் ஊர் ஆட்டத்தைப் பார்க்க வழியில்லை. செல்போனைத் தாங்கியில் மாட்டுவதற்கு முன் ஒப்பனைக் கொட்டகைக்குள் போய் வாத்தியாரிடம் அனுமதி கேளுங்கள். வேஷம் கட்டியவர்கள், வாசித்தவர்கள், பின்பாட்டுக்காரர்கள் எல்லோருடைய பெயரையும் எழுதி வாங்கி வீடியோவுக்குக் கீழே போடுங்கள். ஓடவிடும் எண் ஜமாவின் எண்ணாக இருக்கட்டும். பணம் வந்தால் பங்கு கொடுங்கள், எடுத்துவிடச் சொன்னால் எடுத்துவிடுங்கள்.